எஞ்சினோடு ஒட்டிக்கொண்ட வளையம்

ஓசூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் என் பிள்ளைக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. செகண்ட் ஹாண்டில் வாங்கிய காருக்கு ஆயில் மாற்ற வேண்டும், ஃபில்டரும் நானே வாங்கி மாட்டப்போகிறேன், எது வாங்குவது, எப்படி மாட்டுவது என்று அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றாய். அதோடு நிறுத்தியிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன். "ரெட் லைட் சித்தப்பா மாதிரி எஞ்சினக் காலி பண்ணிடக் கூடாதில்ல" என்று சொல்லிச் சிரித்தாய். அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பாவிடம் கேட்க வேண்டிய தேவையும் இல்லை. ஆயில் ஃபில்டர் பற்றி இந்த வீட்டில் அதிகம் தெரிந்தவள் நான்தான். அது எனக்கு ஏன் இவ்வளவு தெரிந்திருக்கிறது என்பதைத்தான் பன்னிரண்டு ஆண்டு தாமதமாக இப்போது எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் எடுத்து நீட்டுகிறவற்றைப் பார்த்தால் எல்லா ஃபில்டரும் ஒரே மாதிரிதான் இருக்கும்; ஒரு சின்ன டப்பா, அடியில் நடுவே ஒரு பெரிய துளை, சுற்றிச் சின்னச் சின்னத் துளைகள், விளிம்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதை நம்பாதே. நடுத்துளையில் இருக்கும் திருகுமரையின் அளவு கொஞ்சம் மாறினாலும் ஏறுவது போல ஏறி இரண்டு சுற்றில் சிக்கிக்கொள்ளும், அல்லது ஏறி உட்கார்ந்த மாதிரி ஏமாற்றிவிட்டு ஓடும்போது கழன்றுவிடும். வளையத்தின் அகலம் எஞ்சினில் அது உட்காரும் இடத்தின் அகலத்தோடு பொருந்த வேண்டும். உன் வண்டியோடு வந்த புத்தகத்தில் ஃபில்டரின் எண் இருக்கும். புத்தகம் இல்லை என்றால் வண்டியின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா மூன்றையும் சொல்லிக் கேள். பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய் "இதே மாதிரி குடுங்க" என்று கேட்காதே. முன்பு வைத்திருந்தவர் தப்பான ஒன்றை மாட்டியிருந்தால் நீயும் அதையே தேடி வாங்குவாய்.

உள்ளே என்ன இருக்கிறது என்று யோசித்திருக்கிறாயா? நம் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து நான் ரம்பத்தால் டப்பாக்களை அறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. "அம்மா ஆராய்ச்சில இருக்காங்க" என்று வாசலில் வருகிறவர்களிடம் சொல்லுவாய். பக்கத்து பிளாக் அக்கா ஒரு நாள் கேட்டார்கள், "பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படிச்சதுக்கு வேலைக்குப் போயிருக்கலாம்ல, எதுக்கு இந்தத் தகர டப்பாவப் போட்டு அறுக்குறே?" நானும் சிரித்துவிட்டேன். உள்ளே விசிறி மடிப்பாக மடித்த காகிதம் இருக்கிறது, தம்பி. ஒரு முறை பிரித்து நீட்டிப் பார்த்தேன், பின்கதவிலிருந்து துவைக்கும் கல் வரை வந்தது. அந்த உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் அவ்வளவு காகிதம். புது ஃபில்டர் ஒன்றை வாங்கி, நம் ஜன்னல் கம்பியில் படிகிற பழுப்பு நிலக்கரித் தூளைத் தண்ணீரில் கலக்கி ஊற்றினேன். சுற்றியிருக்கும் சின்னத் துளைகளில் ஊற்றினால் நடுத்துளையில் தெளிந்து வருகிறது. நடுவில் வாயை வைத்து ஊதினால் சின்னத் துளைகள் வழியாகக் காற்று வர மறுக்கிறது, உள்ளே ஒரு ரப்பர் மடல் அடைத்துக்கொள்கிறது. வண்டியை நிறுத்திய பிறகு ஆயில் பின்னால் வடிந்து போகாமல் அந்த மடல்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. காலையில் சாவியைத் திருகியதும் எஞ்சினுக்கு உடனே ஆயில் கிடைப்பது அதனால்தான். மலிவான டப்பாவில் அந்த மடல் முரட்டு ரப்பராக இருக்கிறது, சிலதில் மடலே ஒழுங்காக இல்லை. காகிதம் அடைத்துப்போனால் ஆயில் வடிகட்டாமலாவது போகட்டும் என்று திறந்துகொடுக்கும் ஒரு சின்ன ஸ்பிரிங் கதவும் இருக்கிறது. அழுக்கு ஆயில் பரவாயில்லை, ஆயிலே இல்லாமல் போகக் கூடாது என்று யாரோ யோசித்திருக்கிறார். அந்த யாரோ ஒருவரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன்.

ஆனால் என் ஆராய்ச்சி ஆசையில் தொடங்கியதல்ல. ஒரு ரப்பர் வளையம் எப்படி ஒரு ஆளின் பிழைப்பைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

உனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு இருபத்தொன்பது, பட்டம் வாங்கிய கையோடு கல்யாணம், அடுத்த ஆண்டே நீ. உன்னை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தால் பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று பத்து மணி வரை பயந்துகொண்டிருக்கிற பெண் நான். அப்பா நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஃபிட்டர். நம் வீடு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியும். டவுன்ஷிப்பில் எல்லா வீடும் அப்படித்தான். ஷிஃப்ட்டுக்குப் போகிறவர் ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போவார், வீட்டில் இருப்பவர் மீதியை முடிப்பார். ஊறப்போட்ட அரிசியை நான் பாதி ஆட்டுவேன், மீதியை அவர் ஆட்டுவார். அவர் பாதி அடித்த பெயின்ட்டை நான் முடிப்பேன். மைன்ஸில் அப்படி ஒரு வேலை கைமாறினால், எதைக் கழற்றினோம், எதை இன்னும் மாட்டவில்லை என்று ஷிஃப்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வருவார்கள். வீட்டில் நோட்டு கிடையாது. வாய்வார்த்தைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட். நம் பழைய வெள்ளைக் காருக்கு ஆயில் மாற்ற ஆரம்பித்தார். பழைய ஆயிலை வடித்து, அடியில் படுத்துப் பழைய ஃபில்டரைக் கழற்றித் தூக்கிப் போடவும் கம்பெனி பஸ் முக்கில் ஹார்ன் அடிக்கவும் சரியாக இருந்தது. கையை மண்ணெண்ணெயில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பழசக் கழட்டிட்டேன். புதுசப் போட்டு ஆயில ஊத்திடு. மீதி உன் ஷிஃப்ட்டு." நான் கேட்டேன், "வேற ஏதாவது பாக்கணுமாங்க?" "பாக்குறதுக்கு என்ன இருக்கு, கையால திருகு, போதும்." ஓடிப்போய் பஸ் ஏறிவிட்டார்.

நான் அடியில் கையை விட்டுத் துணியால் துடைத்தேன். விரலுக்கு வழவழப்பாக ஒரு ரப்பர் தட்டுப்பட்டது. அது என்ன என்று ஒரு நொடி யோசித்தேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எல்லாவற்றையும் ஏன் என்று கேட்கிற நான், அது எஞ்சினோடு பிறந்த ரப்பராக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பழைய ஃபில்டர் காலடியில்தான் கிடந்தது. அதை எடுத்து அதன் விளிம்பில் வளையம் இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். அதில் இல்லை. அது சூட்டில் இளகி எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அதன் மேலேயே நான் புது வளையத்தோடு புது ஃபில்டரைத் திருகி இறுக்கினேன். ஆயில் ஊற்றி ஐந்து நிமிடம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. இரண்டு ரப்பர் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால் நின்ற இடத்தில் தாங்கும், வேகமாக ஓடி ஆயில் அழுத்தம் ஏறும்போதுதான் ஒன்று வழுக்கிப் பிதுங்கும் என்பதெல்லாம் பிறகு நானே தெரிந்துகொண்டது.

அந்த வாரம் சித்தப்பா நம் வீட்டில் தங்கியிருந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட்டில் ஜீப் ஓட்டும் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அவருக்கு லைசென்ஸ் இருந்தது, கை சுத்தம், ஊரில் எல்லார் டிராக்டரையும் ஓட்டுவார். அப்பா ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் என்று இருந்தது. செவ்வாய்க்கிழமை மேல்பட்டாம்பாக்கம் போய் அரிசி மூட்டை எடுத்து வரக் காரைக் கொடுத்தோம். உனக்கு ஸ்கூல் லீவு, நீயும் தொற்றிக்கொண்டாய். வடலூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது, சுற்றாமல் இறுகி நின்றுவிட்டது. பின்னால் ரோட்டில் நீளக் கறுப்பு ஆயில் கோடு.

அன்று மாலை முன்னறையில் நடந்தது உனக்குப் பாதிதான் நினைவிருக்கும். ஆயில் இல்லை என்று காட்டும் விளக்கைத்தான் சித்தப்பா சொன்னார், "ரெட் லைட்டு எரிஞ்சதும் பாத்துட்டேண்ணா. ஓரம் கட்டறதுக்குள்ள நின்னுப்போச்சு." அப்பா நம்பவில்லை. "ஆயில் கசியறது எந்த வண்டிக்கும் வரும்டா. லைட்டு எரிஞ்சா நிறுத்தணும். நிறுத்தியிருந்தா எஞ்சின் ஏன் பிடிக்குது?" பிறகு உன் பக்கம் திரும்பிக் கேட்டார், "நீ சொல்லுடா, சித்தப்பா என்ன பண்ணிக்கிட்டு வந்தாரு?" நீ உள்ளதைச் சொன்னாய்: "சித்தப்பா பாட்டுப் பாடிக்கினு வந்தாருப்பா." எல்லாரும் சிரித்தார்கள். அத்தோடு முடிந்தது. அப்பா கான்ட்ராக்டரிடம் பேசவில்லை. "லைட்டப் பாக்கத் தெரியாதவன மைன்ஸ்ல ஜீப்பு ஓட்டச் சொல்லி நான் எப்படி அவர்கிட்ட போயி நிக்கிறது" என்று என்னிடம் சொன்னார். வேலை வேறு ஒருவருக்குப் போனது. ரெட் லைட் சித்தப்பா என்ற பெயரை நீதான் வைத்தாய். விளையாட்டாக வைத்தாய், ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டது.

நான் அன்று வாய் திறக்காததற்குக் காரணம், உண்மை அப்போது எனக்கே தெரியாது. தெரிந்தது இரண்டு நாள் கழித்து. அப்பா ஷிஃப்ட்டில் இருந்ததால் வடலூர் மெக்கானிக் கடைக்கு நான்தான் போனேன். அவர் ஃபில்டரைக் கழற்றி, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வளையத்தைச் சுரண்டி எடுத்து என் முன்னால் நீட்டினார். "ரெண்டு வாஷரு இருக்குதுங்க. ஒண்ணு பிதுங்கிப்போயிருக்கு பாருங்க. இது இருந்தா ஆயிலு நிக்காதுங்க, ரோட்டுல பீச்சி அடிச்சிருக்கும். லைட்டு எரியறதும் எஞ்சின் பிடிக்கறதும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் நடக்கும். யாரு மாட்டுனது?" எனக்குத் தெரியாது என்றேன். என் நகக்கண்ணில் ஞாயிற்றுக்கிழமை ஏறிய கறுப்பு இன்னும் போகவில்லை. அவர் அதைப் பார்த்தார். அப்பா போன் பண்ணிக் கேட்டபோது மெக்கானிக், ஃபில்டர் பக்கம் கசிந்திருக்கிறது, ஆயில் இல்லாமல் ஓடியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதில் பொய் இல்லை. பொய் என் பக்கம்தான். படித்தவள் என்ற பெயர் இந்த வீட்டில் எனக்கு ஒன்றுதான் இருந்தது. அது போய்விடுமோ என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்றே பன்னிரண்டு ஆண்டு போனது. ஒரு எட்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்த வார்த்தை என் தப்பை மறைக்கும் சாட்சியாக நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே உனக்குச் சோறு போட்டேன்.

நீ போன் பண்ணிய மறுநாள் நான் மேல்பட்டாம்பாக்கம் பஸ் ஏறினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பையில் ஒரு புது ஃபில்டரும் தனியாக ஒரு வளையமும் இருந்தன. சித்தப்பா வாசலில் தோலோடு மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணி. இன்னா, தனியா வந்துருக்கீங்க? அண்ணன் வரல?" ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றேன். தண்ணீர் கொடுத்தார். நான் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன், உனக்கு எழுதியதை விடவும் மோசமாக, முன்னும் பின்னுமாக. அவர் குறுக்கே பேசவில்லை. ஃபில்டரை வாங்கி, வளையத்தின் மேல் வளையத்தை வைத்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"வழுக்குது பாருங்க" என்றார். இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "அப்ப அந்த லைட்டு?"

"நீங்க சொன்னதுதான் சரி தம்பி. எரிஞ்சதும் பாத்திருக்கீங்க. எரியும்போதே எல்லாம் முடிஞ்சிருக்கு."

"நான் அதத்தான அண்ணி சொன்னேன்." வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். "மொத ரெண்டு வருசம் பாத்தேன் பாத்தேன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன். அப்பறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, பாட்டு நெனப்புல பாக்காம வுட்டுட்டமோன்னு எனக்கே ஆயிப்போச்சு. எங்கண்ணு மேலயே எனக்கு நம்பிக்க இல்ல. வண்டியில புள்ள வேற இருந்துச்சே. அதான் அப்பறம் ஸ்டேரிங்கத் தொடல."

வேலை போனதால்தான் அவர் ஓட்டுவதை விட்டார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் வண்டியைத் தொடாமல் இருந்தது உன்னை நினைத்து.

"ஏன் அண்ணி அன்னிக்கே சொல்லல?"

"பயம்."

"அண்ணன் திட்டியிருப்பாரு. ஒரு ரெண்டு நாளு. எனக்குப் பன்னெண்டு வருசம் அண்ணி." குரலை உயர்த்தவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, "அண்ணங்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா இன்னமும் சாக்கு சொல்றான்னுவாரு. பையங்கிட்டயும் சொல்லிடுங்க. அவன் சிரிக்கிறப்பதான் எனக்கு ரொம்ப ஒருமாதிரி ஆவுது" என்றார். பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்ததும் கேட்டார், "அந்த ஃபில்டர வுட்டுட்டுப் போங்களேன். உள்ள இன்னா இருக்குதுன்னு அறுத்துப் பாக்கறேன்." கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே நீ மாட்டும்போது இப்படிச் செய். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது தொடங்கு, கொதிக்கும்போது கையை விடாதே. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. உறுதியான ஸ்டாண்ட் இல்லை என்றால் அந்த வேலையை ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடு, உன் அம்மாவுக்காக. பழைய ஃபில்டர் கைக்கு வந்ததும் வேறு எதையும் செய்வதற்கு முன் அதன் விளிம்பில் வளையம் இருக்கிறதா என்று பார். இல்லை என்றால் எஞ்சினில் இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடி நகத்தால் எடு. உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரலை ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார், இரும்பு மட்டும்தான் தட்டுப்பட வேண்டும். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஆயில் தடவு, உலர்ந்த ரப்பர் முறுக்கிக்கொள்ளும், அடுத்த முறை ஒட்டிக்கொள்ளும். கையால் திருகு. வளையம் தொட்டதும் அங்கிருந்து முக்கால் சுற்று, டப்பாவில் வேறு மாதிரி போட்டிருந்தால் அதன்படி. ஸ்பேனர் போட்டு இறுக்காதே. ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சிவப்பு விளக்கு சில நொடியில் அணைகிறதா என்று பார், அடியில் பார், அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, ஆயில் அளவு காட்டும் கம்பியை எடுத்துப் பார். அதன் பிறகு பக்கத்துத் தெரு வரை ஓட்டிவிட்டு வந்து இன்னொரு முறை அடியில் பார். நான் அந்த இரண்டாவது முறை பார்க்கவில்லை. பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாதே, ஒர்க்‌ஷாப்பில் வாங்கிக்கொள்வார்கள். நடுவில் யாராவது கூப்பிட்டு வேலையைப் பாதியில் விட்டால், விட்ட இடத்தை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிட்டுப் போ.

அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நான்கு நாளாகக் காபியைக் கையில் கொடுக்கும்போதெல்லாம் வாய் வரை வந்து நின்றுவிடுகிறது. அவருடைய பங்கும் இதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கழற்றியவர் பார்த்திருக்க வேண்டும். ஆனால் அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள நான் விரும்பவில்லை. விரலில் பட்டது எனக்குத்தான். தம்பியை நம்பாமல் போனோமே என்று தெரிந்ததும் அவர் எந்தப் பக்கம் சாய்வார், என் மேல் கோபப்படுவாரா, தன் மேல் கோபப்படுவாரா, ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போவாரா, எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்த மனிதர் இந்த ஒன்றில் என்ன செய்வார் என்று எனக்கு ஊகிக்க முடியவில்லை என்பது பயமாக இருக்கிறது. கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருக்கிறது.

இந்தத் தாள்களை மடித்து உறையில் வைக்கிறேன், ஒட்டவில்லை. இன்று ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் சாப்பிட்ட பிறகு கையில் கொடுப்பேன். படித்துவிட்டு, உன் முகவரியை அவரே எழுதி, போஸ்ட் ஆபீஸில் போட்டுவிட்டு வர வேண்டும் என்று கேட்பேன். மாட்டேன் என்றால் நான் எழுதிப் போடுவேன். இதைப் படித்ததும் உறையை எடுத்து அதன் மேல் யாருடைய கையெழுத்து இருக்கிறது என்று பார். அது அவருடையது என்றால், நீ போன் செய்வதற்குள் அண்ணனும் தம்பியும் பேசியிருப்பார்கள். என்னுடையது என்றால், எங்கள் இருவரையும் கூப்பிடாதே. முதலில் சித்தப்பாவைக் கூப்பிடு, அவருடைய சொந்தப் பெயரைச் சேர்த்துச் சித்தப்பா என்று சொல்லி.

உன் அம்மா